லீவில் சென்னை வரும் தம்பதிகளுக்கு: கேமராவோடு சொந்த ஊரைச் சுற்றுவது எப்படி

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்த் தம்பதிகள் யார் வீட்டு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தாலும் ஒரே கதைதான். பிராக் நகரத்துச் சார்லஸ் பாலம் எல்லாக் கோணத்திலும் இருக்கும், பாரிஸ் இருக்கும், பனி விழுந்த கிறிஸ்துமஸ் சந்தை இருக்கும். "சென்னை" என்று பெயர் போட்ட ஃபோல்டரைத் திறந்தால் கல்யாண மண்டபம், சாப்பாட்டு மேஜை, மாமா வீட்டு சோஃபா, கடைசியில் விமான நிலைய வாசலில் ஒரு குரூப் போட்டோ. ஒரு பாலத்துக்காக விடிவதற்கு முன் எழுந்து குளிரில் டிராமுக்குக் காத்து நின்றவர்கள், பிறந்து வளர்ந்த மயிலாப்பூரை உருப்படியாக ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பிப் போகிறார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் சில வருஷம் ஜெர்மனியில் இருந்தோம், இப்போது மந்தைவெளியில் இருக்கிறோம். படம் எடுப்பது நான், கூட வருவது அவர். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அங்கே வெளியூர்ப் பயணத்துக்கு எப்படித் திட்டம் போடுவீர்களோ அப்படியே சென்னைக்கும் போடுங்கள், கேமரா பிடிக்காதவருக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் விவரம்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

மூன்று வார லீவு என்றால் அதில் பாதி நம்முடையது இல்லை. சொந்தக்காரர் வீடுகள், தி. நகர், பல் டாக்டர், பேங்க் வேலை. இதில் யாரோடும் சண்டை போட்டு நேரம் வாங்க முடியாது, போட்டாலும் அது படத்தில் தெரியும். ஆனால் காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை நம்மை யாரும் தேடுவதில்லை. வந்த அன்றைக்கே அம்மாவிடமோ மாமியாரிடமோ சொல்லிவிடுங்கள்: "செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில நாங்க இருக்க மாட்டோம்மா, டிபனுக்கு வந்துடுவோம்." டிபனுக்கு வந்துவிடுவோம் என்ற பாதிதான் முக்கியம், அதைச் சொன்னால் மீதிக்கு யாரும் தடை சொல்வதில்லை.

சிங்கப்பூர், ஆஸ்திரேலியா பக்கமிருந்து வருபவர்களுக்கு முதல் சில நாள் விடிவதற்கு முன்பே தானாக முழிப்பு வந்துவிடும், அதை வீணாக்காதீர்கள். ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு நேர்மாறு, ராத்திரி தூக்கம் வராது, காலையில் கண் திறக்காது. அவர்கள் முதல் நாலைந்து நாள் மாலை நேரத்தை வைத்துக்கொண்டு, உடம்பு பழகினதும் காலைக்கு மாறிக்கொள்ளலாம்.

காலைதான் வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதற்குக் காரணம் வெளிச்சம். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் சூரியன் சாய்வாக நகர்வதால் பொன்னிற வெளிச்சம் மணிக்கணக்கில் நிற்கும், சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போனால்கூடக் கிடைக்கும். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். உதித்து ஒரு மணி நேரத்தில் நல்ல வெளிச்சம் முடிந்துபோகும், எட்டரைக்கு மேல் எல்லார் கண்ணுக்குக் கீழேயும் கருப்பு நிழல் விழும். மாலையிலும் அதே அவசரம்தான், சூரியன் மறைந்து இருபது நிமிஷத்துக்குள் நீல வானம் கருப்பாகிவிடும். டிசம்பர் நடுவில் உதயம் சுமார் 6.20, அஸ்தமனம் 5.45 வாக்கில். ஜூனில் உதயம் 5.40 வாக்கிலேயே வந்துவிடும். முதல் நாளே நேரம் பார்த்து, உதயத்துக்கு அரை மணி முன்னால் இடத்தில் இருப்பது மாதிரி கிளம்புங்கள்.

எந்த மாதம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மார்கழி. குளிர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒரு குளிர், தெருவெல்லாம் கோலம், சாயங்காலம் சபாக்களில் கச்சேரி. நவம்பரில் வந்தால் வடகிழக்குப் பருவமழையில் பாதி நாள் வீட்டுக்குள் இருக்க நேரிடலாம். பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்காக ஜூலை ஆகஸ்ட்டில்தான் வர முடியும் என்றாலும் பரவாயில்லை, அந்த மாதங்களில் சாயங்காலம் மேற்கே மேகம் திரண்டு கோட்டை கட்டும், அந்த வானம் மார்கழியில் கிடைக்காது. ஆடி என்பதால் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுவதும் உண்டு. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் வந்தால் மட்டும் காலை ஏழரையோடு கேமராவை மூடிவிடுங்கள், நீங்களும் உருகுவீர்கள், படமும் வெளிறிப்போகும்.

கேமரா பிடிக்காதவரின் வேலை

பெரும்பாலான வீடுகளில் ஒருவருக்குத்தான் இந்தப் பைத்தியம் இருக்கும். இன்னொருவர் பை தூக்கிக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். வெளியூரில் காபிக் கடையில் உட்கார்ந்து சமாளித்துவிடலாம். மீன் ஏலம் நடக்கும் காசிமேட்டில் காலை ஐந்து மணிக்கு அந்த ஆளை எங்கே உட்கார வைப்பீர்கள்? எங்களைக் கேட்டால், கூட வருபவரின் வேலை பேசுவது. சென்னை மாதிரி ஊரில் லென்ஸைவிட அதுதான் உதவும்.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள் நடைபாதையிலேயே இருக்கும். நான் வாழைப்பூ அடுக்கைப் பார்த்துக் குனிவதற்குள் அவர் கடைக்கார அம்மாவிடம், "எந்த ஊர்ச் சரக்கும்மா?" என்று ஆரம்பித்திருப்பார். அந்த அம்மா கேமராவை மறந்துவிட்டு விலை, மழை, மகளுடைய கல்யாணம் என்று போய்விடுவார், கை மட்டும் பழக்கத்தில் கீரைக் கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளித்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கும். எனக்கு வேண்டியது அந்தக் கைதான். நானே கேட்டிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்து, பாஸ்போர்ட் படத்துக்கு மாதிரி பார்த்திருப்பார். பேச்சு முடிந்ததும் கால் கிலோ வெண்டைக்காயாவது வாங்கிவிடுங்கள். "எடுத்துக்கோ கண்ணு, ஆனா ஏதாவது வாங்கிட்டுப் போ" என்று அவர்களே சொல்லிவிடுவதும் உண்டு.

பேசுபவருக்கு இன்னும் சில பொறுப்புகள் இருக்கின்றன. வ்யூஃபைண்டரில் கண் வைத்தவருக்குப் பின்னால் வரும் தண்ணி லாரி தெரியாது, அதைப் பார்ப்பது அவர். பேர், ஊர், கடை எத்தனை வருஷமாக இருக்கிறது போன்ற விஷயங்களை போனில் குறித்து வைப்பது அவர். எப்போது கிளம்புவது என்று முடிவு செய்வதும் அவராகவே இருக்கட்டும், ஏனென்றால் படம் எடுப்பவரிடம் விட்டால் அது முடியாது. "சரி, போதும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் இன்னும் ஒரே ஒரு படத்தோடு பையை மூட வேண்டும், இந்த ஒப்பந்தத்தை வீட்டைவிட்டு இறங்கும் முன் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு அரை மணி நேரம் கேமராவைக் கை மாற்றிப் பாருங்கள். அவர் எடுத்தவற்றில் அடிவானம் சாய்ந்திருக்கும், ஆனால் நீங்கள் கவனிக்காமல் தாண்டி வந்த டீக்கடைக்காரர் அதில்தான் இருப்பார்.

எதைக் கொண்டுவருவது, எதை விட்டுவிட்டு வருவது

ஒரு கேமரா, ஒரு லென்ஸ் போதும். 35 மில்லிமீட்டர் ஒன்று, அல்லது 24-70 மாதிரி ஒரு ஜூம். கூட்டத்தில் பெரிய வெள்ளை லென்ஸோடு நின்றால் எந்த டிவி சார் என்று கேட்பார்கள், அதோடு இயல்பான முகம் போயிற்று. நல்ல போன் இருந்தால் அதுவும் சரி, கேமரா இல்லை என்று இந்தக் காலை நேரங்களை விட்டுவிடாதீர்கள்.

ட்ரோனைக் கொண்டுவராதீர்கள். வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது, கஸ்டம்ஸில் மாட்டினால் ட்ரோனும் போய் முதல் நாள் மனநிலையும் போய்விடும். உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் லித்தியம் பேட்டரியைத் தனியாக வைக்க விமான நிறுவனங்கள் விடாது. டிரைபாட் சின்னதாக ஒன்று இருந்தால் இரவுக்கு உதவும். ஆனால் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களுக்குள் டிரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

சென்னையில் படம் கெடுவது பெரும்பாலும் ஆவியால். ராத்திரி முழுக்க ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த கேமராவை அப்படியே கடற்கரையில் எடுத்தால் லென்ஸ் முழுக்கப் புகை படிந்தது மாதிரி நீர் கட்டிக்கொள்ளும். சட்டை முனையால் துடைப்பீர்கள், பத்து விநாடியில் மறுபடி கட்டும். திரும்பத் துடைப்பீர்கள், அதற்குள் கடலிலிருந்து சிவப்பு வட்டம் முழுசாக வெளியே வந்து மேலேயும் ஏறியிருக்கும். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும் வரை என்ன துடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஜெர்மனியில் இது குளிர்காலத்தில் வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும்போது நடக்கும், இங்கே திசை மாறுகிறது, அவ்வளவுதான். வழி சுலபம்: முதல் நாள் இரவே கேமராப் பையை ஏசி இல்லாத ஹாலில் வைத்துவிடுங்கள். அது முடியாவிட்டால் ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் காற்றில்லாமல் மூடி எடுத்துப் போய், அரை மணி கழித்துத் திறங்கள். நீர் உறையின் மேல் கட்டும், லென்ஸில் கட்டாது.

கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமான துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு தடவை, உப்புக் காற்று உலோகத்தைச் சும்மா விடாது. பழைய லென்ஸை "ஊரில் இருக்கட்டும், அடுத்த தடவைக்கு ஆகும்" என்று பீரோவில் வைத்துவிட்டுப் போகும் யோசனையும் வேண்டாம். இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துக் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி ஓடியிருக்கும்.

மயிலாப்பூரில் ஒரு முழுக் காலை

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால் மயிலாப்பூர்தான், நாங்கள் பக்கத்தில் இருப்பதால் மட்டும் சொல்லவில்லை. கபாலீசுவரர் கோவில் குளம் கோவிலுக்கு மேற்கே இருக்கிறது. இதன் அர்த்தம், காலையில் குளத்தின் மேற்குக் கரையில் நின்று பார்த்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் வரும், உங்களுக்குக் கிடைப்பது கருப்பு நிழலுருவமும் தண்ணீரில் அதன் தலைகீழும். கோபுரத்துப் பொம்மைகள் நிறத்தோடு தெரிய வேண்டும் என்றால் அதே இடத்துக்குச் சாயங்காலம் நாலரைக்கு மேல் வாருங்கள். கிழக்கு ராஜகோபுரத்தின் முகப்புக்கு மட்டும் காலை வெளிச்சம், சன்னதித் தெருப் பக்கம் நின்று எடுக்கலாம். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பாதிப் பேர் காலையில் குளத்தங்கரையில் நின்றுகொண்டு "என்ன இது, கருப்பாவே வருது" என்று புலம்புகிறார்கள்.

மார்கழியில் நாலு மாட வீதிகளிலும் அவற்றின் சந்துகளிலும் ஐந்து ஐந்தரைக்கே கோலம் போட ஆரம்பித்துவிடுவார்கள், பஜனை கோஷ்டி மாட வீதியைச் சுற்றி வரும். கோலம் முடிந்த பிறகு எடுப்பதைவிடப் போடும்போது எடுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு இறங்குகிற அந்த நூலை எடுக்க, தரையோடு தரையாக உட்கார வேண்டும், முழங்கால் ஈரமாகும், ஆகட்டும். இருட்டில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறனை, 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள், ஷட்டர் வேகம் 1/125 விநாடிக்குக் கீழே இறங்கினால் கை ஆடிப் படம் கலங்கிவிடும். கேமரா ஈரத்தரையின் கருப்பைப் பார்த்துப் படத்தை வெளுக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை மைனஸ் முக்கால் அளவுக்குக் குறைத்தால் தரை தரையாகவும் கோலம் வெள்ளையாகவும் நிற்கும். அனுமதி மட்டும் முதலில். "அக்கா, கோலம் ரொம்ப நல்லா இருக்கு, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சரி என்பார்கள், மிச்சப் பேர் "நைட்டியில இருக்கேன், கோலத்தை மட்டும் எடுத்துக்கோ" என்பார்கள். அதுவும் நியாயம்.

கோவிலுக்குள் கேமரா என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுக் கோவில்களில் செல்போனுக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. ஒருவர் வெளியே கேமராவோடு நிற்க, ஒருவர் தரிசனம் முடித்து வந்து மாறிக்கொள்ளலாம். அப்புறம், பழைய படங்களைப் பார்த்துவிட்டு அதே காட்சி கிடைக்கும் என்று வராதீர்கள். மெட்ரோ வேலைத் தடுப்புகள் லஸ் பக்கமும் கோவிலைச் சுற்றியும் பல காட்சிகளை மறைத்திருக்கின்றன. தடுப்பைத் திட்டிக்கொண்டு நிற்காமல் அதையும் எடுங்கள், தகரத் தடுப்புக்கு மேலே தலை காட்டும் கோபுரம் இந்த வருஷத்து மயிலாப்பூர், இன்னும் சில வருஷத்தில் அது கிடைக்காது.

பங்குனியில் வர முடிந்தால் அறுபத்துமூவர் உற்சவம் இருக்கிறது, தை மாதத்தில் தெப்பம், நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைக் கடைகள். பசித்தால் அக்கம்பக்கத்து மெஸ்கள், தாகமெடுத்தால் கிழக்கு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ்மில்க். கடைசி ஐட்டத்துக்குப் படம் வேண்டாம், குடித்தால் போதும்.

கடற்கரையும் காசிமேடும்

மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழும், எல்லாருக்கும் தெரியும். பலரும் கவனிக்காதது, திரும்பி நின்றால் என்ன ஆகிறது என்பது. காமராஜர் சாலைக் கட்டடங்கள் கடலைப் பார்த்து நிற்பவை: பிரெசிடென்சி கல்லூரி, பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842இல் கட்டி இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ். உதித்த முதல் அரை மணி நேரம் இவற்றின் முகத்தில் வெளிச்சம் நேராக விழும். உழைப்பாளர் சிலையும் அந்த நேரத்தில்தான். தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். பாறையைத் தள்ளும் அந்த நாலு பேரின் முதுகுத் தசை சாய்வு வெளிச்சத்தில் மட்டும்தான் அப்படித் திரண்டு தெரியும், மத்தியானம் வெறும் கருப்பு உருவம். நேப்பியர் பாலத்துக்கு 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காகச் சதுரங்கக் கட்டம் அடித்தபோது ஊரே வந்து படம் எடுத்தது, இருட்டினதும் அங்கே ஓடும் வண்டிகளின் விளக்குக் கோடுகளோடு எடுத்தால் இப்போதும் அலுக்காது. கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. மற்ற நாளில் லிஃப்ட்டிலேயே ஏறலாம்.

மாலை மெரினா வேறு ஊர். பலூன் சுடும் கடைகள், ராட்டினம், சுண்டல் தூக்கு, குதிரை. விளக்குப் போட்டதும் பலூன் பலகைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, துப்பாக்கி பிடித்தவரின் ஒற்றைக் கண்ணை மட்டும் பாருங்கள்.

காசிமேடு கொஞ்சம் துணிந்தவர்களுக்கு. விடிவதற்கு முன்பே ஏலம் களைகட்டிவிடும், ஞாயிறு என்றால் வாங்க வரும் கூட்டமும் சேர்ந்து கால் வைக்க இடமிருக்காது, அதனால் வாரநாளில் போங்கள். கழுவக்கூடிய ரப்பர் செருப்பு, முழங்காலுக்கு மேல் மடிக்கக்கூடிய உடை. தரையெல்லாம் ஐஸ் தண்ணீரும் மீன் ரத்தமும் கலந்து வழுக்கும். கூடை தூக்கி வருபவர் "வழி, வழி" என்றால் படம் போனாலும் பரவாயில்லை, விலகிவிட வேண்டும். அவர்களுக்கு அது வேலை நேரம், நமக்குத்தான் லீவு. "அண்ணே, இன்னிக்கி என்ன பட்டுச்சு?" என்று பேசுபவர் ஆரம்பித்தால் வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அப்போது போனால் வரிசையாகக் கட்டிய படகுகளும் வலை பின்னுபவர்களும்தான் இருப்பார்கள். எனக்கு அந்தக் காட்சியும் பிடிக்கும், ஏலம் பார்க்க வருபவர்களுக்கு ஏமாற்றம்.

துறைமுகம், தலைமைச் செயலகம் இருக்கும் ஜார்ஜ் கோட்டை, ராணுவ இடங்கள், விமான நிலையத்துக்குள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். போலீஸ்காரர் "வேணாம்" என்றால் "சரி சார்" என்று சொல்லி நகர்ந்துவிடுவதுதான் அழகு.

வெயில் நேரத்துக்கும் வெளியூருக்கும்

பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே எடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் வானம் வெள்ளையாகிவிடும். 1850களில் மதராஸ் அரசுக்காக மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போய்க் காகித நெகட்டிவில் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப்புக்கும் இதே தொல்லைதான், அவர் நெகட்டிவின் மேலேயே மேகத்தை வரைந்து சேர்த்தார். நமக்கு அந்தப் பொறுமை வேண்டாம், வானத்தைச் சட்டகத்திலிருந்து வெட்டிவிட்டால் போதும். அல்லது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் மூடியிருக்கும், கேமராவுக்குத் தனிக் கட்டணம். செப்புத் திருமேனிகள் கண்ணாடிக்குள் இருக்குமிடத்தில் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், ஃபிளாஷை அணையுங்கள், அன்றைக்கு வெள்ளைச் சட்டை போடாதீர்கள், கண்ணாடியில் நீங்கள்தான் தெரிவீர்கள். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். கையில் கேமரா இருக்கிறது என்பதற்காக முதல் பத்து நிமிஷத்திலேயே எடுக்கத் தொடங்காதீர்கள், சுற்றி வந்து பாருங்கள்.

சென்ட்ரல் ரயில் நிலையமும் 1913இல் கட்டின ரிப்பன் மாளிகையும் தெற்குப் பார்த்தவை. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நாள் முழுக்க முகப்பில் வெளிச்சம் இருக்கும். ரிப்பன் மாளிகை வெள்ளை, கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், எக்ஸ்போஷரைப் பிளஸ் பக்கம் நகர்த்துங்கள், கோலத்துக்குச் செய்ததற்கு நேர் எதிர். உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரத்தைச் சாலையிலிருந்து எடுத்தால் போதும். புதுக் கலங்கரை விளக்கம் வரும் வரை, 1977 வரைக்கும், கப்பல்களுக்கு அந்தக் கோபுரத்து விளக்குதான் வழிகாட்டியது.

ஒரு நாள் வண்டி எடுத்தால் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை, அதனால் காலைச் சாய்வு வெளிச்சத்தில் ஒவ்வொரு யானைக்கும் வயிறு புடைத்து நிற்கும், பத்து மணிக்கு மேல் தட்டையாகிவிடும். ஆறு மணிக்குத் திறக்கிறார்கள், முன்தினமே போய்த் தங்கிவிடுவது உத்தமம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு மாறியவர்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையைக் கையில் வைத்திருங்கள், இந்தியர்களுக்கான நுழைவுக் கட்டணம்தான் உங்களுக்கும், இல்லாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள், அது பல மடங்கு. திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, செவ்வாய் விடுமுறை, நாலு மாநிலத்துப் பழைய வீடுகளின் திண்ணைகள் வெயில் நேரத்துக்கு நல்ல நிழல். பறவை ஆசை இருந்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், குளிர்காலத்தில் பூநாரை வரும், ஆனால் 300 மில்லிமீட்டருக்குக் குறைவான லென்ஸோடு போனால் புள்ளிதான் கிடைக்கும்.

இருவரும் இருக்கிற படம்

ஊர் முழுக்கச் சுற்றி எடுத்துவிட்டு, இருவரும் சேர்ந்த படம் ஒன்றுமில்லை என்று விமானம் ஏறும் அன்றைக்கு ஞாபகம் வரும். செல்ஃபியில் ஊர் தெரியாது, மூக்குதான் தெரியும். கேமராவில் அமைப்பை எல்லாம் சரி செய்து, எங்கே நிற்பீர்கள் என்று தரையில் குறி பார்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஆட்டோ அண்ணனிடம் கொடுங்கள். "அண்ணே, இந்தப் பட்டனை நாலஞ்சு தடவை அமுக்குங்க" என்றால் அவர் பத்துத் தடவை அமுக்குவார், தலையை வெட்டாமல் இருக்க அகலமாக வைத்துவிட்டால் பிறகு வெட்டிச் சரி செய்யலாம். நின்று சிரிக்கும் படத்தைவிட டீ குடிக்கும்போது, பூ வாங்கும்போது, வழி கேட்டுக் குழம்பி நிற்கும்போது எடுத்ததுதான் நாளைக்குப் பார்க்க நன்றாக இருக்கும். பட்டுப்புடவை கட்டினால் அரக்குச் சிவப்பும் குங்குமச் சிவப்பும் நேர் வெயிலில் கேமராவுக்குள் ஒரே திட்டாக வழிந்துவிடும், நிழலுக்குள் வந்து எடுங்கள், ரா ஃபைலாக (கேமரா சுருக்காத மூலக் கோப்பாக) எடுத்தால் சரி செய்ய இடமிருக்கும்.

அப்பா அம்மாவின் பழைய ஆல்பத்தில் மெரினாவிலோ வள்ளுவர் கோட்டத்திலோ எடுத்த படம் ஒன்று கட்டாயம் இருக்கும். அவர்களையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் நிறுத்தி எடுங்கள். "எதுக்குடா இந்த வெயில்ல" என்பார்கள், போய்ச் சேர்ந்ததும் அவர்களேதான் கோணம் சொல்வார்கள்.

தெருவில் எடுத்த முகங்களை இணையத்தில் போடுவது பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் அடுத்தவர் முகத்தை அவர் அனுமதியில்லாமல் வெளியிடுவது சட்டப்படியே சிக்கல், அங்கே இருக்கும்போது எல்லாரும் ஒழுங்காக இருப்போம். இங்கே வந்ததும் அந்தக் கூச்சம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. குழந்தைகள், குளத்தில் குளிப்பவர்கள், தூங்குபவர்கள், பிச்சை எடுப்பவர்கள், இவர்களை எடுக்காதீர்கள், எடுத்தால் போடாதீர்கள். படம் எடுக்க விட்டவர்களுக்குக் காசு கொடுப்பதைவிட நாலுக்கு ஆறு அளவில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். ஊர் ஸ்டூடியோக்களில் அன்றைக்கே தந்துவிடுவார்கள், செலவும் ஒரு காபி அளவுக்குக்கூட வராது. கீரைக்கார அம்மாவுக்கு நாங்கள் கொடுத்த படம் தராசுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்குக் கொசுறு கறிவேப்பிலை நின்றதே இல்லை.

தினமும் ராத்திரி கார்டைக் காலி செய்யுங்கள், ஒரு பிரதி லேப்டாப்பில், இன்னொன்று தனி டிஸ்க்கில். தேர்வை ஊருக்குத் திரும்பின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அடுத்த லீவு வந்துவிடும், அதனால் அன்றன்றைக்குப் பத்துப் படம் மட்டும், ஆளுக்கு ஐந்து, ஒருவர் தேர்வில் மற்றவர் வாய் வைக்கக் கூடாது. பேசினவர் குறித்து வைத்த பேரும் இடமும் அப்போதே தமிழிலேயே படத்தோடு சேர்த்து எழுதிவிடுங்கள். கிளம்பும் அன்றைக்கு டிஸ்க் ஒன்றை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, மற்றொன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய் பாட்டில் இருக்கும் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.